டிக்கியில் என்னென்ன வைத்தார்கள்? - ஒரு பயணப் பட்டியலின் வரலாறு

குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் கிளம்புவதென்றால் முதல் வேலை பட்டியல் போடுவதுதான். சாப்பாடு, தண்ணீர், போர்வை, தலையணை, டார்ச் லைட், மருந்து டப்பா, ஸ்டெப்னி, குழந்தைகளுக்கு நொறுக்குத்தீனி... வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இதில் ஏதாவது ஒன்றை மறந்துவிட்டாலும் குடி முழுகிப் போகாது. வழியில் ஒரு கடையில் வாங்கிக்கொள்ளலாம். பசித்தால் ஓட்டல் இருக்கிறது. இருட்டிவிட்டால் ஒரு லாட்ஜில் அறை எடுக்கலாம். கையில் பணம் இருந்தால் போதும்.

கையில் பணம் இருந்தும் இவை எதுவும் கிடைக்காது என்றால்?

அமெரிக்காவில் 1920கள் தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை, சொந்தமாகக் கார் வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பின. அவர்கள் டிக்கியில் என்னென்ன வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று பார்த்தாலே அந்த நாட்டின் நாற்பது வருட வரலாறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்ததும் எழுதாமல் இருந்ததும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஏன் கார்?

1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-ல் லூசியானா மாநிலத்தில் வெள்ளையர்களுக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்து, எழுந்து போக மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டவர். இரண்டு இனத்தாருக்கும் தனித்தனியாக, ஆனால் சமமாக வசதிகள் இருந்தால் சட்டப்படி தவறில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் "தனித்தனி" மட்டும் இருந்தது, "சமம்" காணாமல் போனது. இந்தப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கு மொத்தமாக "ஜிம் குரோ" என்று பெயர்.

ரயிலில் கறுப்பர்களுக்கான பெட்டி பெரும்பாலும் எஞ்சினுக்கு அடுத்தாற்போல் இருக்கும். புகை, கரி, சத்தம் எல்லாம் இலவசம். பல ரயில்களில் உணவுப் பெட்டிக்குள் போக முடியாது. பேருந்தில் பின்னிருக்கை. அதுவும் வெள்ளையர் ஏறினால் எழுந்து நிற்க வேண்டும். டிக்கெட்டுக்குக் கட்டணம் மட்டும் குறையாது!

இந்த நிலையில்தான் கார் வருகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908-ல் வந்தபோது விலை 850 டாலர். தொழிற்சாலையில் உற்பத்தி முறை மாறியதும் விலை சரிந்து, 1925-ல் 260 டாலருக்கு வந்துவிட்டது. ஆசிரியர், தபால்காரர், ரயில்வே தொழிலாளி, சிறு கடைக்காரர் என்று நிலையான சம்பளம் உள்ள கறுப்பர்கள் கார் வாங்கத் தொடங்கினார்கள். கையில் காசுள்ள கறுப்பர்கள் முதலில் கார் வாங்குவதே ரயிலிலும் பேருந்திலும் படும் அவமானத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று ஜார்ஜ் ஷைலர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1930-லேயே எழுதினார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். வரலாற்றில் இதைப் "பெரும் குடிபெயர்வு" என்கிறார்கள். பெற்றோர் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் வேலை பார்க்க, தாத்தா பாட்டி மட்டும் மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ தங்கிவிட்டார்கள். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும். நம்மூர் மே மாத விடுமுறை போலத்தான். ஆனால் வழியெல்லாம் வேறு.

காருக்குள் இருக்கும்வரை யாரும் பின்னால் போய் உட்காரச் சொல்ல முடியாது. கார் ஒரு சின்ன சுதந்திர நாடு! சிக்கல் எங்கே என்றால், கார் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்? பெட்ரோலுக்கு, சாப்பாட்டுக்கு, கழிப்பறைக்கு, தூக்கத்துக்கு... நின்ற இடத்திலெல்லாம் ஜிம் குரோ காத்திருந்தது.

முதல் பொருள்: சாப்பாடு

பட்டியலில் முதலிடம் சாப்பாட்டுக்குத்தான். பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, கேக், பழம். எதுவும் சீக்கிரம் கெட்டுப் போகாதவை, தட்டும் கரண்டியும் இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிடக் கூடியவை. ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில் தாள் விரித்து இவற்றை அடுக்குவது வழக்கம். பெரிய ஜாடிகளில் தண்ணீரும் எலுமிச்சை சாறும். பின்னாளில் ஐஸ் பெட்டியும் சேர்ந்துகொண்டது.

அதே காலத்தில் வெள்ளையர் குடும்பங்களும் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள். பத்திரிகை விளம்பரங்களில் எல்லாம் அந்தப் படங்கள் வரும். மரத்தடியில் கட்டம் போட்ட துணி, அதன்மேல் கூடை, சுற்றிலும் சிரிக்கும் குழந்தைகள். அவர்களுக்குக் கூடை ஒரு சந்தோஷம். விரும்பினால் கூடையை மூடிவைத்துவிட்டு ஓட்டலுக்குப் போகலாம். கறுப்பினக் குடும்பத்துக்கு அந்தப் பெட்டிதான் ஓட்டல். பல உணவகங்களில் உள்ளே விட மாட்டார்கள். சில இடங்களில் பின்பக்க ஜன்னல் வழியாகப் பொட்டலம் கொடுப்பார்கள், உட்கார்ந்து சாப்பிட முடியாது. குழந்தைகள் எதிரில் அந்தப் பின்வாசலில் போய் நிற்பதைவிடக் கட்டுச்சோறே மேல் என்று பெற்றோர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது பொருள்: காபி டின்

இது எந்தப் பயண விளம்பரத்திலும் வராத பொருள். காலியான காபி டின் அல்லது மூடியுள்ள ஜாடி ஒன்று, கூடவே கழிப்பறைத் தாள். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. தென் மாநிலங்களில் பல பெட்ரோல் பங்க்குகள் கறுப்பர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பெட்ரோல் போடும், ஆனால் கழிப்பறைச் சாவியைக் கொடுக்காது. சில இடங்களில் கறுப்பர்களுக்கென்று கட்டிய கழிப்பறை இருக்கும், உள்ளே கால் வைக்க முடியாது. கடைசியில் சாலையோரப் புதர்தான் கதி. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எதிர்த்து ஒரு போராட்டமே நடந்தது. 1952-ல் மிசிசிப்பி மாநிலத்தில் டி.ஆர்.எம். ஹோவர்டு என்ற கறுப்பின மருத்துவர் தலைமையில் ஓர் அமைப்பு, கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பங்க்கில் பெட்ரோல் வாங்காதீர்கள் என்று அச்சடித்த ஸ்டிக்கர்களை ஆயிரக்கணக்கில் கொடுத்தது. மக்கள் அவற்றைக் காரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். இந்த வேலையில் கூட நின்ற இளைஞர் மெட்கர் எவர்ஸ், பின்னாளில் 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். பல பங்க்குகள் வழிக்கு வந்து கறுப்பர்களுக்கும் கழிப்பறை கட்டின. அது வெள்ளையர் கழிப்பறை அல்ல, தனிக் கழிப்பறைதான்! அன்றைய மிசிசிப்பியில் அதைக் கேட்பதற்கே அவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது.

மூன்றாவது பொருள்: போர்வையும் தலையணையும்

இரவானால் எங்கே தூங்குவது? நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களில் "அறை காலி" என்று விளக்கு எரியும். கறுப்பினக் குடும்பம் போய் நின்றால் அறை இல்லை என்பார்கள். ஆகவே காரிலேயே தூங்க வேண்டும், அல்லது தூங்காமல் ஓட்ட வேண்டும். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவார்கள். குழந்தைகள் பின்னிருக்கையில் சுருண்டு படுத்திருப்பார்கள்.

மோட்டல் எதுவும் இடம் தராததால் காரின் மூலையில் இரவுக்கு இரவு முடங்கித் தூங்க வேண்டியிருந்த அவலத்தை மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் குறிப்பிடுகிறார். அதே வருடம் ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசிய உரையிலும் பயணக் களைப்போடு வரும் கறுப்பர்களுக்கு மோட்டலில் இடம் கிடைக்காததைச் சொன்னார். நாட்டின் தலையெழுத்தைப் பற்றிப் பேசிய உரையில் லாட்ஜ் அறைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்த வலியை அனுபவிக்காத கறுப்பினக் குடும்பம் கூட்டத்தில் அபூர்வம் என்பது அவருக்குத் தெரியும்.

கறுப்பினக் குடும்பங்கள் பெரிய, கனமான, வேகமான கார்களை விரும்பி வாங்கியதற்கும் இதுதான் காரணம் என்று வரலாற்றாசிரியர் கிரெட்சன் சோரின் 2020-ல் வந்த தன் நூலில் விளக்குகிறார். ப்யூக் போன்ற கார்களில் கால் நீட்டித் தூங்க இடம் இருந்தது. சாப்பாடு, துணி, பெட்ரோல் எல்லாம் வைக்க டிக்கி இருந்தது. யாராவது துரத்தினால் தப்பிக்க எஞ்சினில் சக்தி இருந்தது. பார்ப்பவர்கள் பகட்டு என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு.

நான்காவது பொருள்: பெட்ரோல் கேன், ஸ்பேர் பார்ட்ஸ்

பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்பது யாருக்கும் தொல்லைதான். ஆனால் சில ஊர்களில் நிற்பது உயிருக்கே ஆபத்து. "சன்டவுன் டவுன்" என்று ஒரு வகை ஊர்கள் இருந்தன. சூரியன் மறைந்தபின் கறுப்பர்கள் ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. சில ஊர்களில் எல்லையிலேயே பலகை வைத்து எச்சரித்தார்கள். பல ஊர்களில் பலகை இல்லை, ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்குத்தான் தெரியாது! இவை தெற்கில் மட்டும் இருந்தன என்று நினைத்தால் தவறு. இல்லினாய், இந்தியானா போன்ற வடக்கு, மத்திய மாநிலங்களில்தான் இவை ஏராளம் என்று ஜேம்ஸ் லோவன் என்ற சமூகவியலாளர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் காட்டினார்.

அமெரிக்கர்கள் பாட்டாகப் பாடும் ரூட் 66 நெடுஞ்சாலை 1926-ல் அறிவிக்கப்பட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போகும் சுமார் 2,400 மைல் சாலை. சுதந்திரத்தின் சின்னம் என்று சொல்லப்படும் அந்தச் சாலை கடந்து போன மாவட்டங்களில் ஏறக்குறைய பாதி, கறுப்பர்களுக்கு இரவில் இடமில்லாத மாவட்டங்கள் என்று எழுத்தாளர் கேண்டசி டெய்லர் கணக்கிடுகிறார்.

அதனால்தான் டிக்கியில் கூடுதல் பெட்ரோல் கேன், ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டும் சாமான், ஃபேன் பெல்ட், ரேடியேட்டருக்குத் தண்ணீர், கருவிப் பெட்டி. எந்த ஊரில் கார் நின்றாலும் யாரிடமும் உதவி கேட்காமல் கிளம்பிவிட வேண்டும். அப்பாவுக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, மெக்கானிக் வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது பொருள்: மருந்துப் பெட்டி

1931 நவம்பர் மாதம். டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரத்தில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவியர் தலைவராக இருந்த ஜூலியட் டெரிக்காட், மூன்று மாணவர்களோடு ஜார்ஜியாவில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்குக் காரில் போனார். வழியில் டால்டன் என்ற ஊர் அருகே விபத்து. அந்த ஊர் மருத்துவமனையில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை. உள்ளூர் டாக்டர்கள் முதலுதவி செய்தார்கள், பிறகு அவர்களை ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை சட்டனூகா நகரத்தில், சுமார் 30 மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு மாணவியும் டெரிக்காட்டும் இறந்து போனார்கள். டெரிக்காட்டுக்கு வயது 34.

உலக மாநாடுகளில் பங்கெடுத்த, நாடறிந்த கல்வியாளருக்கே இந்தக் கதி. சாதாரணக் குடும்பத்துக்கு? பஞ்சு, கட்டுத்துணி, அயோடின், காய்ச்சல் மாத்திரை என்று வீட்டிலிருந்தே எடுத்துப் போவது வெறும் முன்ஜாக்கிரதை அல்ல, அடுத்த மருத்துவமனை கதவைத் திறக்குமா என்று தெரியாதவர்களின் ஏற்பாடு அது.

ஆறாவது பொருள்: ஒரு தொப்பி

பட்டியலில் மிக வினோதமான பொருள் இதுதான். பணக்கார வீட்டு டிரைவர்கள் போடும் தொப்பி.

கேண்டசி டெய்லர் தன் வளர்ப்புத் தந்தை சொன்ன சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1950களில் அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா அம்மாவோடு காரில் போய்க்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் நல்ல வேலை, புதிய கார். ஷெரிஃப் வண்டியை நிறுத்தி, இது யார் கார் என்று கேட்டார். என் முதலாளியுடையது என்றார் அப்பா. பக்கத்தில் இருக்கும் பெண் யார்? முதலாளி வீட்டு வேலைக்காரி, அவளையும் அவள் மகனையும் வீட்டில் விடப் போகிறேன் என்றார். அப்படியானால் உன் டிரைவர் தொப்பி எங்கே என்று ஷெரிஃப் மடக்கினார். பின்னால் மாட்டியிருக்கிறது ஐயா என்று அப்பா கையைக் காட்ட, அங்கே தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. ஷெரிஃப் போகவிட்டார்.

அந்தத் தொப்பி எதற்காகக் காரில் எப்போதும் தொங்குகிறது என்று அன்றுவரை மகனுக்குத் தெரியாது. சொந்த உழைப்பில் வாங்கிய காரை இன்னொருவருடையது என்று சொல்ல வேண்டும். தாலி கட்டிய மனைவியை வேலைக்காரி என்று சொல்ல வேண்டும். அதுவும் பெற்ற மகன் கேட்டுக்கொண்டிருக்கும்போது... டிக்கியில் வைத்த எல்லாப் பொருள்களையும்விட கனமான பொருள் அந்தத் தொப்பியாகத்தான் இருந்திருக்கும்.

ஏழாவது பொருள்: பச்சைப் புத்தகம்

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹ்யூகோ கிரீன் ஒரு தபால்காரர். நியூ ஜெர்சி மாநிலம் ஹேக்கன்சாக்கில் அவருக்கு வேலை. கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே கார் பழுது பார்க்கலாம் என்று முகவரிகளைத் திரட்டி 1936-ல் ஒரு கையேடு வெளியிட்டார். அவர் பெயராலேயே அது "கிரீன் புக்" ஆனது. யூதர்களுக்கு இடமில்லாத விடுதிகளைப் பற்றி யூதப் பத்திரிகைகள் தங்கள் வாசகர்களுக்குத் தகவல் கொடுத்து வந்தது அவருக்கு ஒரு முன்மாதிரி. 1930-லேயே ஹேக்லி - ஹாரிசன் வழிகாட்டி என்று இதுபோன்ற ஒரு புத்தகம் வந்திருக்கிறது, ஆனால் நீடிக்கவில்லை.

கிரீனின் முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்தை மட்டும் பற்றியது. பிறகு நாடு முழுவதும் இருந்த கறுப்பினத் தபால்காரர்கள் தங்கள் ஊர் முகவரிகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். தெருத்தெருவாக நடப்பவர்கள் அல்லவா, யார் வீடு நல்ல வீடு என்று அவர்களுக்குத் தெரியாதா! உலகப்போர்க் காலத்தில் சில வருடம் நின்று, 1946-ல் மீண்டும் வந்தது. 1949 பதிப்பு 80 பக்கங்களைத் தாண்டி கனடா, மெக்சிகோ, பெர்முடா வரை போய்விட்டது. எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகள் இதை விற்றன. அந்த நிறுவனம் கறுப்பர்களுக்கும் பங்க் நடத்த உரிமம் கொடுத்து வந்தது ஒரு முக்கியமான விஷயம்.

புத்தகத்தில் ஓட்டல்கள் மட்டுமல்ல, "டூரிஸ்ட் ஹோம்" என்ற பெயரில் தனியார் வீடுகளும் இருந்தன. விடுதியே இல்லாத ஊரில் யாரோ ஓர் ஆசிரியையோ, விதவைப் பெண்ணோ தன் வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கியிருப்பார். சில மாநிலங்களில் மொத்த முகவரிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த ஊர்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான மைல் தூரம். அந்த இடைவெளியை நிரப்பியவைதான் மேலே சொன்ன சாப்பாட்டுப் பெட்டியும் டின்னும் போர்வையும்.

இந்தப் பெயரில் 2018-ல் வந்த ஹாலிவுட் படம் 2019-ல் ஆஸ்கர் வாங்கியது. பலருக்கும் பெயர் தெரிந்தது அதனால்தான். ஆனால் அந்தப் படம் ஓர் இசைக்கலைஞரையும் அவருடைய வெள்ளைக்கார டிரைவரையும் பற்றியது. இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டிய அம்மாக்களையும் பின்னிருக்கைக் குழந்தைகளையும் அதில் பார்க்க முடியாது.

ஒரு பயணம்: 1951

இந்தப் பொருள்கள் எல்லாம் சேர்ந்தால் பயணம் எப்படி இருக்கும்? ஒரு சிறுவனின் அனுபவம் பதிவாகியிருக்கிறது.

அலபாமா மாநிலம் டிராய் நகருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1940-ல் பிறந்தவர் ஜான் லூயிஸ். 1951 கோடையில், 11 வயதில், தாய்மாமா ஓட்டிஸ் அவரை நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குக் காரில் கூட்டிப் போனார். 1998-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் லூயிஸ் அந்தப் பயணத்தை விவரிக்கிறார். தெற்கைத் தாண்டும்வரை எந்த உணவகத்திலும் நிறுத்த முடியாது என்பதால் சாப்பாட்டைக் காரிலேயே ஏற்றிக்கொண்டார்கள். எங்கே பெட்ரோல் போடுவது, எந்த இடத்தில் கறுப்பர்களுக்குக் கழிப்பறை உண்டு, எங்கே நிற்கவே கூடாது என்று மாமா முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார். அவர் முன்பே அந்த வழியில் போய் வந்தவர். அலபாமா, டென்னசி, கென்டக்கி என்று மூன்று மாநிலங்களைக் கடக்கும்வரை மாமாவின் உடம்பில் இருந்த இறுக்கம் குறையவில்லை. ஒஹையோ எல்லைக்குள் நுழைந்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார் என்பதைச் சிறுவன் கவனித்தான். மொத்தம் 17 மணி நேரப் பயணம்.

பஃபலோவில் உறவினர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையர் வீடுகள். அலபாமாச் சிறுவனுக்கு அது நம்ப முடியாத காட்சி. ஊர் திரும்பிய பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்ததாக லூயிஸ் எழுதுகிறார்.

பத்து வருடம் கழித்து, 1961 மே மாதம், அதே லூயிஸ் "சுதந்திரப் பயணம்" என்ற போராட்டத்தில் வெள்ளையரோடு சேர்ந்து பேருந்தில் தெற்கு நோக்கிக் கிளம்பினார். தென் கரோலினாவின் ராக் ஹில் பேருந்து நிலையத்தில், வெள்ளையர் காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததற்காக அடித்து வீழ்த்தப்பட்டார். 1987 முதல் 2020-ல் இறக்கும்வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

குழந்தைகளிடம் சொல்லாதது

பெரியவர்களான பிறகு இந்தப் பயணங்களைப் பற்றிப் பேசிய பலரும் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது! அம்மா சமையல் ருசி என்பதால் காரில் சாப்பிடுகிறோம் என்று நினைத்தோம். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே கிளம்புகிறோம் என்று நினைத்தோம். அப்பாவுக்கு இரவில் ஓட்டப் பிடிக்கும் என்று நினைத்தோம்.

பெற்றோர் திட்டமிட்டு மறைத்தார்கள். அவமானத்தைப் பிக்னிக்காக மாற்றிக் காட்டுவது சாதாரண வேலை இல்லை. முன் இரவு முழுக்கக் கோழி பொரித்த அம்மாவும், வரைபடத்தில் ஊர் ஊராகக் கோடு போட்ட அப்பாவும் சேர்ந்து, பிள்ளைகளுக்கு அந்தச் சாலையில் ஒரு குழந்தைப் பருவத்தைக் கொடுத்தார்கள். பட்டியலில் எழுதாமல் எடுத்துப் போன எட்டாவது பொருள் அதுதான்.

பட்டியல் சுருங்கிய நாள்

1964 ஜூலை 2 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓட்டல், உணவகம், பெட்ரோல் பங்க் என்று பொதுமக்களுக்கான இடங்களில் இனத்தின் பேரால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றது சட்டம். அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டலின் உரிமையாளர், என் மோட்டலில் யாரைத் தங்க வைப்பது என்பது என் விருப்பம் என்று வழக்குப் போட்டார். பர்மிங்காமில் ஓலீஸ் பார்பிக்யூ என்ற உணவகமும் நீதிமன்றம் போனது. கறுப்பர்களுக்கு அங்கே பொட்டலம் உண்டு, இருக்கை இல்லை. 1964 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளிலும் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. பயணிகள் மாநிலம் விட்டு மாநிலம் போவது நாட்டின் வணிகம் சம்பந்தப்பட்டது, அதில் குறுக்கே நிற்க ஒரு மோட்டலுக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தப் புத்தகம் தேவைப்படாமல் போகும் ஒரு நாள் வரும், அன்று இதை நிறுத்திவிடுவோம் என்ற கருத்தை கிரீன் தன் கையேட்டின் முன்னுரையிலேயே எழுதியிருந்தார். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. 1960-ல் இறந்துவிட்டார். மனைவி ஆல்மா தொடர்ந்து நடத்த, 1966-67 பதிப்போடு கிரீன் புக் நின்றது. தன் புத்தகம் விற்காமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட பதிப்பாளர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எல்லாக் கதவுகளும் திறந்ததும் கறுப்பினப் பயணிகள் புது மோட்டல்களுக்குப் போனார்கள். இத்தனை வருடம் அவர்களைத் தாங்கிய கறுப்பின விடுதிகளும் டூரிஸ்ட் ஹோம்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1956 சட்டத்தால் வந்த பெரிய நெடுஞ்சாலைகள் பல நகரங்களில் கறுப்பினக் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போயின. கிரீன் புக்கில் இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. நின்றவற்றில் ஒன்று மெம்பிஸ் நகரத்து லொரெய்ன் மோட்டல். 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். 1991-லிருந்து அது அருங்காட்சியகம்.

பட்டியல் முழுக்க முடிந்துவிட்டதா என்றால், இல்லை. கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 2017-ல் மிசூரி மாநிலத்துக்குப் போகும் கறுப்பினப் பயணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டது. போலீஸ் காரை நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் வண்டி ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. தொப்பி போய்விட்டது, அதன் வேலை போகவில்லை.

இருந்தாலும் ஷூ பெட்டிச் சாப்பாட்டுக்கு இன்று வேறு அர்த்தம் வந்திருக்கிறது. பொரித்த கோழியும் அவித்த முட்டையும் பல கறுப்பினக் குடும்பங்களில் பாட்டி நினைவாக இன்னும் பயணத்துக்குப் போகின்றன. ஒரே ஒரு வித்தியாசம். சாப்பிடப் பிடிக்கவில்லை என்று குழந்தை அடம்பிடித்தால், அடுத்த ஓட்டலில் காரை நிறுத்தலாம்.